துப்பாக்கிச் சனியன்: முத்திரைகளால் காலமும் மதிப்பும் அறிதல்

சனியன் என்பது துப்பாக்கிக் குழலின் முனையில் மாட்டிக் குத்துவதற்கான ஆயுதம். பயனெட் என்றும் சொல்வர். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துக்குள்ளேயே வந்தவாசி (22 ஜனவரி 1760), செங்கம், திருவண்ணாமலை (செப்டம்பர் 1767) என இந்த ஆயுதம் பயன்பட்ட காலத்து மூன்று போர்க்களங்கள் உள்ளன. முதலாவதில் லாலியின் பிரெஞ்சுப் படையை ஆங்கிலேயத் தளபதி ஐயர் கூட் வென்றார். மற்ற இரண்டில் ஜோசப் ஸ்மித்தின் ஆங்கிலேயப் படை ஐதர் அலி, நிஜாம் கூட்டணியோடு மோதியது.

அந்தக் காலத்துச் சனியனுக்குப் பிடி கிடையாது. மூன்று பட்டை கொண்ட நீண்ட முள்ளின் அடியில் ஒரு குழாய் இருக்கும். அதைத் துப்பாக்கிக் குழல் முனையின் மேல் மாட்டித் திருகுவார்கள். கிழக்கிந்தியக் கம்பெனித் துப்பாக்கிகளின் விசைத்தட்டில் 1808 வரை இதய வடிவ வணிக முத்திரையும், பிறகு நின்ற சிங்கமும் பொறிக்கப்பட்டன. சனியனிலோ பெரும்பாலும் தயாரிப்பாளர் பெயர், எண் போன்ற சில குறிகளே கிடைக்கும்.

மரப்பிடியும் 17 அங்குல அலகும் கொண்ட வாள் போன்ற வகை 1907ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மாதிரி. மேற்சொன்ன போர்களில் கிடைத்தது என்று இதை யார் விற்றாலும் நம்பக் கூடாது. அலகின் அடியில் ஒருபுறம் கிரீடம், மன்னரின் பெயரெழுத்து, 1907, தயாரிப்பாளர் பெயர் இருக்கும். இதில் 1907 என்பது மாதிரியின் ஆண்டு மட்டுமே; செய்த காலத்தை அருகிலுள்ள சிறிய எண்கள் சொல்லும். 5, 17 என்று இருந்தால் 1917 மே. மறுபுறம் அரசுடைமையைக் காட்டும் அம்புக்குறியும், வளைத்துச் சோதித்ததற்கான பெருக்கல் குறியும் காணப்படும். வங்காளத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலையில் செய்தவற்றில் ஆர்.எஃப்.ஐ. என்ற எழுத்துகள் இருக்கும். 1941 முதல் இந்தியாவில் அலகு 12 அங்குலமாகக் குறைந்தது. குடியரசான பின் கிரீடம் இருந்த இடத்துக்கு அசோகச் சிங்கம் வந்தது.

1907 மாதிரியின் விலையை ஏற்றுவது கைப்பிடிக் குறுக்குத்தண்டின் கொக்கி. 1913இல் அது கைவிடப்பட்டது. பழையவற்றிலும் பெரும்பாலும் அறுத்தெடுக்கப்பட்டதால் எஞ்சியவை அரிது. அதனாலேயே போலியாகப் பற்றவைத்த கொக்கிகளும் சந்தையில் உலவுகின்றன. இணைப்பை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் அராவிய தடம் தெரியும். அசல் உறை கூட இருந்தால் மதிப்பு உயரும். உப்புத்தாள் போட்டுப் பளபளப்பாக்குவது பெருங்கேடு. முத்திரையின் ஓரங்கள் மழுங்கிவிட்டால் ஆயுதத்தின் வரலாறே அழிந்துபோகும்.

இந்திய ஆயுத விதிகளின் பட்டியலில் வாள், ஈட்டியோடு பயனெட்டும் இடம்பெறுகிறது. நூறாண்டு கடந்த தொல்பொருள்களை அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.