முழங்காலுட் கிளைத்த மரம்: மாத்தளைத் தோட்டங்களும் நோயறி வரலாறும்

வரலாற்றாய்வாளர் பெரும்பாலும் ஏடுகளைக் கொண்டே கடந்த காலத்தை அறிகின்றனர். ஆயின் ஏடெழுதியோர் காணாதவற்றை அவ்வேடுகளிலே காணுதல் இயலாது. மாத்தளைத் தோட்டத் தொழிலாளரின் உடல்நல வரலாற்றை எழுதப் புகுவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும். முழங்கால் மூட்டிலே தோன்றும் அரியதொரு கொழுப்பு வளர்ச்சி இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களை நாடித் தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை, நாலந்தை வழியாக மாத்தளையைக் கால்நடையாக அடைந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே பலரைப் பலிகொண்டன. இத்தகைய தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென 1872ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. 1880இலே புகையிரதம் மாத்தளையை எட்டிற்று. எனினும், தொற்றுநோயையும் சாவையும் முதன்மையாகக் கருதிய மருத்துவ ஏற்பாட்டிலே, உயிரைக் கொல்லாது மெல்ல வீங்கும் முழங்காலுக்கு எத்துணை இடம் கிடைத்திருக்கும்?

அக்கால மருத்துவர் அதனை நோக்கியிருப்பினும் நோயின் பெயரைக் கூறியிருத்தல் அரிது. மூட்டின் உட்சவ்விலே கொழுப்பிழையம் பெருகி, மரக்கிளைகள் போன்று விரிதலால் இவ்வளர்ச்சி 'லிப்போமா ஆர்போறெசென்ஸ்' எனப்படுகின்றது. இது புற்றுநோயன்று. முழங்காற்சில்லுக்கு மேலுள்ள பையிலேயே பெரிதும் தோன்றும். வலி குறைவாயினும் நீர் கோத்து வீக்கம் மீண்டும் மீண்டும் ஏற்படும். வாதமென்றோ உழைப்பின் விளைவென்றோ இதனைக் கொள்ளுதல் எளிது.

ஜேர்மன் முடநீக்கியல் அறிஞர் அல்பேட் ஹோபா 1904இலே முழங்கால் நோய்களிற் கொழுப்பிழையம் பெறும் பங்கினை விளக்கினார். 1895இலே றொன்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிர் எலும்பைத் தெளிவாகக் காட்டிற்று. மூட்டினுள்ளே வீங்கியது கொழுப்போ பிறிதோ என்பதை அதனால் உறுதியாக உரைத்தல் அரிதாயிருந்தது. அறுத்துப் பார்த்தலே அன்றைய வழி. 1973இலே போல் லோற்றபர் காந்தப் பரிவின் துணையாற் படிமம் பெறலாமெனக் காட்டியதன் பின்னரே நிலைமை மாறலாயிற்று. எம்.ஆர்.ஐ. படிமத்திலே இவ்வளர்ச்சி தோலடிக் கொழுப்பை ஒத்துத் தோன்றும். கொழுப்பின் சைகையை அடக்கி எடுக்கும் படிமத்திலே அதுவும் உடன் மங்கும். கிளைத்த வடிவமும் இவ்வியல்பும் ஒருங்கே அமையின், கத்தி படாமலே நோயைப் பெரிதும் உறுதிசெய்யலாம். தேவைப்படின் நோயுற்ற உட்சவ்வை அகற்றுவர்.

எனவே, தோட்ட மருத்துவ ஏடுகளிலே ஒரு நோயின் பெயர் இல்லையென்பது, அந்நோய் லயங்களிலே இருந்ததில்லை என்பதற்குச் சான்றாகாது. காணுங் கருவியும் காணவேண்டுமென்ற கருத்தும் ஒருங்கே வாய்த்தபோதே நோய் ஏட்டில் ஏறுகின்றது. கருவி இன்று உண்டு. ஆயினும் நாட்கூலியை இழந்து நகர வைத்தியசாலைக்குச் செல்ல இயலாதவரின் முழங்கால் இன்றும் ஏட்டுக்குப் புறம்பேயாகும். நாளைய வரலாற்றாசிரியரும் அவ்வெற்றிடத்தை நலமெனப் பிழைபடக் கொள்ளாதிருத்தல் வேண்டும்.