தாயின் தோளில் ஏறிய பணி: தில்லியின் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பும் சேவை மாற்றத்தின் விலையும்

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்காகப் பணிசெய்யும் தொண்டு நிறுவனங்களின் வரலாறு பெரும்பாலும் ஒரே தடத்தில் எழுதப்படுகிறது. இரக்கத்தில் தொடங்கி, சிகிச்சைக்கு நகர்ந்து, உரிமையில் வந்து சேர்ந்தோம் என்பது அந்தத் தடம். முதலில் ஒரு பள்ளி, பிறகு ஆசிரியர் பயிற்சி, பிறகு சட்டத்துக்கான போராட்டம், கடைசியாக வளர்ந்தவர்களுக்கான தொழிற்கூடம் என ஒவ்வொரு படியும் முந்தையதைவிட உயர்ந்ததாகக் கொள்ளப்படும். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இப்படி எழுதும்போது ஒரு கேள்வி விடுபட்டுப்போகிறது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் குழந்தையோடு நாள்தோறும் உட்கார்ந்து உழைப்பவர் யார்? அந்த உழைப்புக்கு ஊதியம் உண்டா?

தில்லியின் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பின் முப்பதாண்டுகளுக்கும் மேற்பட்ட பணியை இந்தக் கேள்வியோடு படித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பெற்றோருக்கே பயிற்சி தருவது என்று அந்த அமைப்பு எடுத்த முடிவு சரியானது. ஆனால் அந்த முடிவையே அரசு தன் கடமையிலிருந்து நழுவிக்கொள்ளும் வழியாக ஆக்கிக்கொள்ள நாம் இடம் கொடுத்துவிட்டோம். இவ்விரண்டையும் சேர்த்தே இங்கு வாதிடுகிறேன்.

தில்லியில் இத்துறை ஒரே வழியில் வளரவில்லை. 1978-இல் வடஇந்திய ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி என்ற பெயரில் தொடங்கி இன்று 'ஆதி' என்று அறியப்படும் அமைப்பு, மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைகளுக்கான சிறப்பு மையமாக இருந்து, நாளடைவில் தன் பணியை மையத்துக்கு வெளியே சமூகத்துக்குள் கொண்டுசென்றது. உமா துலி 1981-இல் தொடங்கிய அமர் ஜோதி எதிர்த்திசையில் நடந்தது. கிழக்குத் தில்லியின் கர்கர்டூமாவில் உள்ள தன் பள்ளிக்குள் ஊனமற்ற குழந்தைகளையும் சரிபாதியாகச் சேர்த்து, எல்லாரையும் ஒரே வகுப்பில் உட்காரவைத்தது. குழந்தை எங்கே, யாரோடு படிக்க வேண்டும் என்பதற்கு இவை இருவேறு விடைகள். 1991-இல் மெர்ரி பருவா 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிச'த்தைத் தொடங்கியபோது, ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு அதற்கும் முந்தைய கேள்வியே தீர்ந்திருக்கவில்லை: என் குழந்தைக்கு என்ன?

பருவாவும் அப்படிப்பட்ட ஒரு தாய்தான். அன்று ஆட்டிசம் என்ற சொல்லையே கேள்விப்படாத மருத்துவர்கள் நம் நாட்டில் ஏராளம். மூளை வளர்ச்சி குறைவு என்று எழுதிக்கொடுத்து அனுப்பினார்கள், அல்லது பேச்சு தாமதமாக வரும், காத்திருங்கள் என்றார்கள். உலகளவிலும் இத்துறையின் தொடக்கம் தாய்மார்க்கு இணக்கமாக இருக்கவில்லை. லியோ கானர் 1943-இல் ஆட்டிசத்தைத் தனி நிலையாக விவரித்தார். அதன்பின் பல ஆண்டுகளுக்கு, தாயின் பாசமின்மையே காரணம் என்ற கோட்பாடு மேற்கத்திய உளவியலில் செல்வாக்கோடு இருந்தது. 1967-இல் வெளியான புருனோ பெட்டல்ஹைமின் நூல் அக்கருத்தைப் பொதுமக்களிடமும் பரப்பியது. அதை உடைத்தவர்களும் பெற்றோர்களே. 1962-இல் பிரிட்டனில் பெற்றோர் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். தாமே ஒரு தந்தையான பெர்னார்டு ரிம்லாண்ட் 1964-இல் எழுதிய நூல், காரணம் நரம்பியலில் இருக்கிறது, வளர்ப்பில் இல்லை என்று வாதிட்டது. பழி நீங்கியது. ஆனால் பழி சுமந்த தாயே அடுத்த கட்டத்தில் சிகிச்சையாளராகவும் ஆக்கப்பட்டார். அவர் குற்றவாளியாக இருந்தபோதும் மீட்பராக இருந்தபோதும் பொறுப்பு முழுவதும் அவர்மீதே இருந்தது. தில்லியின் கதையைப் புரிந்துகொள்ள இந்தத் தொடர்ச்சி முக்கியமானது.

அமைப்பு 1994-இல் 'ஓபன் டோர்' என்ற பள்ளியைத் தொடங்கியது. ஆட்டிசம் உள்ள குழந்தைக்குக் கற்பிக்கும் முறை பொது வகுப்பறை முறையிலிருந்து பெரிதும் வேறுபட்டது. பல் துலக்குவதைக்கூடப் பல சிறு செயல்களாகப் பிரித்து ஒவ்வொன்றாகப் பழக்க வேண்டும். அன்றைய நாளில் எதன்பின் எது வரும் என்பதைப் படங்களாக வரிசைப்படுத்திக் காட்ட வேண்டும். பேசாத குழந்தைக்குத் தன் தேவையைத் தெரிவிக்க, படமோ சைகையோ ஒரு வழி கிடைக்க வேண்டும். மின்விசிறியின் ஓசையோ சட்டையின் தையலோகூட ஒரு குழந்தையைத் துன்புறுத்தக்கூடும் என்பதை ஆசிரியர் கவனித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓர் ஆசிரியரின் முழுக் கவனமும் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கே போதும். எனவே இத்தகைய பள்ளி எவ்வளவு நன்றாக நடந்தாலும், அதன் கதவுக்கு வெளியே நிற்கும் குழந்தைகளே எப்போதும் அதிகம். ஆசிரியர்களுக்கான சிறப்புக்கல்விப் பட்டயப் படிப்பும், பெற்றோரை நோக்கி நடத்தப்பட்ட இதழும் இந்த இடைவெளியைக் குறைக்க எடுத்த முயற்சிகள்.

தீர்மானமான திருப்பம் 2000-இல் வந்தது. தாயும் குழந்தையும் சேர்ந்து பயிலும் திட்டமாகத் தொடங்கிப் பின்னர் பெற்றோர்-குழந்தைப் பயிற்சித் திட்டமாக விரிந்த அந்த ஏற்பாட்டில், பெற்றோர் தம் குழந்தையோடு மூன்று மாதம் மையத்துக்கு வருகிறார்கள். குழந்தையைப் பயிற்றுநரிடம் விட்டுவிட்டு வெளியே காத்திருக்க அங்கு இடமில்லை. தாயே கற்பிக்கிறார், பயிற்றுநர் உடனிருந்து பார்க்கிறார், திருத்துகிறார். ஆட்டிசம் என்றால் என்ன, நடத்தைக்குப் பின்னால் இருக்கும் காரணத்தை எப்படிக் கண்டறிவது என்ற பாடங்களும் உண்டு. தில்லிக்கு வெளியிலிருந்தும் குடும்பங்கள் வந்து வீடு பிடித்துத் தங்கிப் பயின்றிருக்கின்றன.

இதன் பலனை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். ரேச்சல் பிரெசிஸ், தாமஸ் வெய்ஸ்னர், தமாரா டேலி ஆகியோர் அமைப்பைச் சேர்ந்தவர்களோடு இணைந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு, பயிற்சிக்கு முன்னும் பின்னும் பெற்றோர் தம் குழந்தையை எப்படி விவரிக்கிறார்கள் என்பதை எடுத்துக்கொண்டது. குழந்தையின் திறன் எவ்வளவு கூடியது என்று அளப்பதோடு நிற்காமல், பெற்றோரின் பார்வை எப்படி மாறுகிறது என்று கேட்டதே அவ்வாய்வின் சிறப்பு. என் கணிப்பில் இத்திட்டத்தின் உயிரும் அங்கேதான் இருக்கிறது. கோயில் கோயிலாகவும் மருத்துவமனை மருத்துவமனையாகவும் தனித்து அலைந்த ஒரு பெண், தன்னைப் போன்ற வேறு பெண்களோடு மூன்று மாதம் ஒரே அறையில் இருக்கிறார். தன் குழந்தையின் அலறலுக்கு யாரும் முகம் சுளிக்காத இடத்தை முதன்முறையாகக் காண்கிறார். கற்பிக்கும் நுட்பத்தை நூலிலிருந்தும் பெறலாம். தமிழிலேயே யெஸ். பாலபாரதியின் 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' போன்ற நூல்கள் அந்த வேலையைச் செய்திருக்கின்றன. அந்தக் கூட்டுறவை நூல் தராது.

இதே ஆண்டுகளில் சட்டத்தின் வழியும் மெல்லத் திறந்தது. 1995-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகை ஊனங்களை மட்டுமே பட்டியலிட்டது. ஆட்டிசம் அதில் இல்லை. பட்டியலில் இல்லாத குழந்தை அந்தச் சட்டத்தின் சலுகை எதையும் ஆட்டிசத்தின் பெயரால் கேட்க முடியாது. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம்தான் ஆட்டிசத்தை மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவற்றோடு சேர்த்து முதலில் ஏற்றது. அதற்குப் பின்னும் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆட்டிசத்தைத் தனியாக எண்ணவில்லை. நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள், தில்லியில் சுமார் 2.35 லட்சம் பேர் என்று அது சொன்னது. அவர்களில் ஆட்டிசம் உள்ளவர் எத்தனை பேர் என்று சொல்ல அதற்கு வழியில்லை. 2016-ஆம் ஆண்டின் புதிய மாற்றுத்திறனாளிகள் சட்டம் வகைகளை 21-ஆக விரித்து ஆட்டிசத்தையும் சேர்த்தது. பெற்றோர் அமைப்புகள் கால் நூற்றாண்டு விடாமல் கேட்டிராவிட்டால் இது நடந்திருக்காது.

ஏட்டில் உரிமை இருக்கிறது. பள்ளியில்? ஒவ்வொரு பள்ளியிலும் சிறப்பாசிரியர்கள் இருக்க வேண்டும் என்று தில்லி உயர்நீதிமன்றம் 2009-இல், 'சோஷியல் ஜூரிஸ்ட்' அமைப்பு தொடுத்த வழக்கில் உத்தரவிட்டது. அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2021 அக்டோபரில், தொடக்கநிலையில் பத்து மாற்றுத்திறனாளி மாணவர்க்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று சிறப்பாசிரியர் விகிதத்தை உச்சநீதிமன்றமே வரையறுக்க வேண்டியிருந்தது. ஐந்து வயது மாற்றுத்திறனாளிக் குழந்தைகளில் நான்கில் மூன்று பேர் எந்தக் கல்வி நிலையத்துக்கும் போவதில்லை என்று யுனெஸ்கோவின் 2019 இந்திய அறிக்கை சொல்கிறது. மூளையும் மொழியும் மிக வேகமாக வளரும் அந்த வயதில் அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? வீட்டில், பெரும்பாலும் தாயோடு.

கல்வி உரிமைச் சட்டத்துக்கு 2012-இல் வந்த திருத்தம் இங்குக் கவனத்துக்குரியது. கடுமையான ஊனமும் பல்வகை ஊனமும் உள்ள குழந்தைகள் வீட்டிலிருந்தே கல்வி பெறும் உரிமையை அது வழங்கியது. படுக்கையை விட்டு எழ இயலாத குழந்தைக்கு அது பெரிய வரம். ஆனால் சேர்க்க விரும்பாத பள்ளிக்கு அது ஒரு சாக்கும் ஆகும். 'வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்ல இப்போது சட்டத்திலேயே இடமிருக்கிறது. பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற தாயும் இருக்கிறார். இவ்விரண்டும் சேரும் இடத்தில்தான் ஒரு தொண்டு நிறுவனத்தின் நல்ல முடிவு அரசின் சிக்கன வழியாக மாறுகிறது. நகர்ப்புறத் தில்லிக் குடும்பங்களை ஆராய்ந்து சுபாங்கி வைத்யா 2016-இல் வெளியிட்ட நூல், ஆட்டிசத்தைச் சுற்றிக் குடும்பம் எப்படித் தன் வாழ்வையே மாற்றி அமைத்துக்கொள்கிறது என்பதை விரிவாகக் காட்டுகிறது. அந்த மாற்றியமைப்பில் வேலையை விடுபவர் பெரும்பாலும் யார் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. பெற்றோர் வழியான பயிற்சி பயன் தருகிறது என்பதற்குச் சான்றுகள் இருக்கும்போது ஏன் குறை சொல்ல வேண்டும்? கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2016-இல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வெளிவந்தது. பிரிட்டனில் உருவான ஒரு பயிற்சியைத் தெற்காசியச் சூழலுக்கு ஏற்ப மாற்றி, சிறப்பு வல்லுநர் அல்லாத நலப்பணியாளர்களைக் கொண்டே பெற்றோருக்குக் கற்பித்தபோது, பெற்றோர்-குழந்தை உரையாடலில் முன்னேற்றம் தெரிந்தது. இதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் அந்த ஆய்வில் ஊதியம் பெற்ற ஒரு பணியாளர் இருந்தார், அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் இருந்தார், தொடர்ந்து மேற்பார்வை இருந்தது. பெற்றோர் வழி என்றால் பெற்றோர் மட்டும் என்று பொருளில்லை. தில்லி மையத்திலும் அதே நிலைதான். பயிற்றுநர், அறை, மூன்று மாதத் தொடர்ச்சி, சக தாய்மார் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அந்தச் சேவை. அவற்றை நீக்கிவிட்டுத் தாயை மட்டும் எடுத்துக்கொண்டால் மிஞ்சுவது பழைய தனிமைதான்.

குழந்தைகள் வளர்வது இன்னொரு நெருக்கடி. தொண்ணூறுகளில் சிறுவராக வந்தவர்கள் இன்று நடுவயதை நெருங்குகிறார்கள். 'எங்களுக்குப் பிறகு?' என்பது இத்துறையில் பெற்றோர் எங்கே கூடினாலும் எழும் கேள்வி. தில்லி அமைப்பு வளர்ந்தவர்களுக்கான தொழிற்பயிற்சியை நோக்கி விரிந்ததற்கு இதுவே காரணம். தேசிய அறக்கட்டளைச் சட்டம் சட்டப்பூர்வப் பாதுகாவலரை நியமிக்க வழிசெய்கிறது. பாதுகாவலர் பெயர் தாளில் எழுதப்பட்டுவிடும். காலை எழுந்ததும் அருகில் இருப்பவர் யார் என்பதைத் தாள் தீர்க்காது. தாயின் ஊதியமற்ற உழைப்பின்மீது நிறுத்தப்பட்ட எந்த ஏற்பாடும் தாயின் ஆயுளோடு முடிந்துவிடும் என்பதே என் வாதத்தின் மிகக் கடினமான பகுதி.

ஆகவே பெற்றோர் பயிற்சியைக் குறைக்கச் சொல்லவில்லை, பொதுச் சேவையாக்கச் சொல்கிறேன். அதற்கான உறுப்புகள் ஏற்கனவே இருக்கின்றன. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் அமைந்திருக்கின்றன. தில்லி அமைப்பு உருவாக்கிய மூன்று மாத முறையை அங்கு நடத்தலாம். பயின்று முடித்த தாய்மாரிலேயே விரும்புபவர்களை ஊதியம் பெறும் பயிற்றுநராக அமர்த்தலாம். பயிற்சிக் காலத்தில் குடும்பம் இழக்கும் வருவாய்க்கு உதவித்தொகை வேண்டும். உதவி மிகுதியாகத் தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவதை 2016 சட்டத்தின் 24-ஆம் பிரிவே குறிப்பிடுகிறது. கேரளம் 'ஆஸ்வாசகிரணம்' திட்டத்தில் பராமரிப்பாளர்க்கு மாதம் 600 ரூபாய் வழங்கியது. தொகை மிகச் சிறிது. ஆனால் பராமரிப்பு ஓர் உழைப்பு என்று ஓர் அரசு கணக்கில் எழுதியது பெரிது. தில்லியும் தமிழ்நாடும் அந்தக் கணக்கில் ஒரு குடும்பம் உண்மையில் வாழக்கூடிய தொகையை எழுத வேண்டும்.