பதனிடாத தோல்

ஆம்பூர் மண்டிக்கு வரும் ஆட்டுத்தோல் உப்பு போட்டு மடித்த நிலையில் வரும். அங்கிருந்து தோல் ஷாப்புக்குள், அதாவது பதனிடும் ஆலைக்குள், நுழைந்துவிட்டால் அதன் தலையெழுத்து முடிவான மாதிரிதான். ஊறவைப்பார்கள், சுண்ணாம்பில் போடுவார்கள், முடியும் சதையும் போகச் சுரண்டுவார்கள், பிறகு பதனிடுவார்கள். முன்பு ஆவாரம்பட்டைத் தொட்டி; இன்று சுழலும் டிரம்மில் குரோமிய உப்பு. வெளியே எடுக்கும்போது வெளிர்நீலமாக இருப்பதால் அதற்கு 'வெட் புளூ' என்று பெயர். அப்புறம் சாயம், மெருகு, தையல், வெளிநாட்டுக் கால்கள்.

அதே தோலுக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. முடியைச் சுரண்டி, பதனிடாமல் இழுத்துக் கட்டிக் காயவைத்தால் அது விறைக்கும். விளக்கின் முன் பிடித்தால் வெளிச்சம் ஊடுருவும். பதனிட்ட தோலில் அது நடக்காது. செருப்புக்கு வேண்டிய வளைவும் உழைப்பும் நிழல்கூத்துப் பாவைக்கு வேண்டியதில்லை.

குமரி மாவட்டத்தில் தோல்பாவைக்கூத்து நடத்தும் மராத்தி பேசும் மண்டிகர்கள் இப்படிப்பட்ட தோலில்தான் ராமனை வெட்டினார்கள். நகைகள் இருக்குமிடத்தில் உளியால் துளை போட்டால் திரையில் அவை வெளிச்சப் பொட்டுகளாக மின்னும். திரைக்குப் பின்னால் ஒரே ஆள் ராவணனாகவும் சீதையாகவும் பேசுவார். கோமாளிகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் இடையில் புகுந்து ராமாயணத்தை நிறுத்திவைத்து, உள்ளூர் வம்பு பேசுவார்கள். என் கணக்கில் அந்தக் கூத்தின் ஆவணப்படப் பகுதி அதுதான்.

ஆந்திரத்து நிம்மலகுண்டாவில் பாவைத் தோல் விளக்கு மறைப்பாகவும் மாறியிருக்கிறது. அந்த ஊர்க் கலைஞர் தளவாய் சலபதி ராவுக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. கூத்துக்குக் கூட்டம் குறைந்த காலத்தில் விளக்கு மறைப்பு சோறு போடுகிறது என்றால் அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதில் பாவை அசைவதில்லை.

அசைவைச் சினிமா வேறு வழியில் பிடித்தது. ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் அட்டையையும் ஈயத் தகட்டையும் வெட்டி, மூட்டு வைத்து, ஒவ்வொரு பிரேமுக்கும் இம்மியளவு நகர்த்திப் படம்பிடித்தார். 1926இல் வெளிவந்தது 'இளவரசர் அக்மதின் சாகசங்கள்'. ஒளி புகாத கருநிழல்கள் அவை. கைவினையும் ஆவணமும் அனிமேஷனும் உண்மையாக ஒன்று கலந்ததற்கு நான் காட்டுவது நீனா சப்னானியின் 'டாங்கோ போலே சே' (2009). கட்ச் பகுதிக் கலா ரக்ஷா அமைப்பின் கைவினைஞர்கள் நிலநடுக்கத்தையும் பட்டம் விட்ட நாளையும் ஒட்டுத்துணியிலும் எம்பிராய்டரியிலும் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் துணியே படத்தில் அசைகிறது. கதையும் அவர்களுடையது, தையலும் அவர்களுடையது. கைவினையைப் பின்னணி அலங்காரமாக மட்டும் வைக்கும் படங்களிலிருந்து இது விலகி நிற்பது இதனால்தான்.

ஆம்பூரில் இப்படியொரு படம் எடுக்க நினைப்பவருக்குப் பொருள் ரெடியாகவே இருக்கிறது. ஷூ மேல்பாகம் வெட்டியபின் மிஞ்சும் துண்டு ஒளியை மறைக்கும்; ரைனிகர் பாணிக் கருநிழலுக்கு அது போதும். மண்டியிலிருந்து நேரே வாங்கிக் காயவைத்த தோலில் வண்ணப் பாவை வெட்டலாம். பின்னணிக் குரலுக்கு மட்டும் சென்னையிலிருந்து ஆள் கூட்டிவர வேண்டாம். டிரம் அருகே நிற்பவரே பேசட்டும்.