விறகுப் பாதையும் மலையேற்றமும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏற இரண்டு சாலைகள் உண்டு. 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலையைச் சுற்றுலா வரும் எல்லோரும் அறிவார்கள். மற்றொன்று அயோத்தியாப்பட்டணம், குப்பனூர், கொட்டச்சேடு வழியாகச் சுற்றிக்கொண்டு மேலே போகும். தோழிகள் சேர்ந்து முதுகுப்பையும் தண்ணீர்க் குடுவையுமாக இந்த மலையில் நடந்தால் அதற்கு மலையேற்றம் என்று பெயர். அதே சரிவில் தலையில் விறகுக்கட்டோடு இறங்கும் பெண்ணிடம் கேட்டால், "வெறகுக்குப் போய்ட்டு வரேன்" என்பார். ஏற்றம் இருவருக்கும் ஒன்றுதான். ஒரு நடை சாகசம் ஆவதும் இன்னொன்று வேலையாகவே நின்றுவிடுவதும் எப்படி என்று கேட்டால், இந்த மலைகளின் வரலாற்றை வேறு இடத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

ஏற்காட்டின் வரலாறு என்று நமக்குச் சொல்லப்படுவது பெரும்பாலும் துரைமார்களின் வரலாறு. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார். தோட்டங்கள் பெருகின, கோடை வாசத்துக்கு வெள்ளையர்கள் வந்தார்கள். அவர்களில் பலர் குதிரையிலோ ஆட்கள் சுமந்த டோலியிலோதான் மலையேறினார்கள். ஏறியவர்களின் பெயர்கள் பதிவாகின. சுமந்தவர்களின் பெயர்களும் காபிப் பழம் பறித்த பெண்களின் பெயர்களும் பதிவாகவில்லை.

துரைமார் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த மலையில் மக்கள் இருந்தார்கள். மலையாளிகள் என்ற பழங்குடியினர் அவர்கள். கேரளத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பில்லை, மலையை ஆள்பவர்கள் என்பதே பொருள். காஞ்சிபுரத்திலிருந்து பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற சகோதரர்கள் வந்து சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலைப் பகுதிகளில் குடியேறினார்கள் என்பது அவர்களின் வாய்மொழி வரலாறு. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுப்பிலும் இந்தக் கதை இருக்கிறது. ஆண்களுக்குப் பெயர் இருக்கிறது. மலைக்கு வந்த பிறகு அவர்கள் மணந்த பெண்களுக்கோ சாதி மட்டும்தான் சொல்லப்படுகிறது. துரைகளின் ஆவணத்தில் மட்டுமல்ல, நம்முடைய கதைகளிலும் மலையேறிய பெண் பெயரற்றவளாகவே இருக்கிறாள்.

பெண்கள் மலையில் நடந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது தப்பித்தல். சேர்வராயன் மலைக்கு வடகிழக்கே சித்தேரி மலை. அதன் அடிவாரத்தில், இன்றைய தர்மபுரி மாவட்டத்தில், வாச்சாத்தி இருக்கிறது. அங்கு வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். 1992 ஜூன் 20 அன்று சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. பல பெண்கள் குழந்தைகளோடு சேலம் சிறையில் அடைக்கப்பட்டார்கள். மலைக்குள் ஓடியவர்கள் அங்கேயே ஒளிந்து கிடந்தார்கள். விறகுக்கும் தழைக்கும் தினமும் நடந்து பழகிய காடு அன்றைக்கு ஒளிவிடமானது.

அந்தப் பெண்கள் பின்வாங்கவில்லை. 19 ஆண்டுகள் விசாரணைக்கு நடந்தார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. மலையில் பெண்களுக்கு ஆபத்து என்று சொல்லும்போது விலங்கும் இருட்டும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. வாச்சாத்தியில் ஆபத்து சீருடையில் வந்தது.

எந்த வேலையும் இல்லாமல், எதற்கும் பயந்து ஓடாமல், தனக்காக மட்டும் நடப்பது மூன்றாவது வகை நடை. 1984இல் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண்ணான பச்சேந்திரி பால், 1997இல் எட்டுப் பெண்கள் கொண்ட குழுவோடு அருணாசலப் பிரதேசத்திலிருந்து சியாச்சின் வரை இமயமலையின் குறுக்கே நடந்தார். ஏறக்குறைய 4,500 கிலோமீட்டர், 225 நாட்கள். 2022இல் 50 வயதைக் கடந்த பெண்களை அழைத்துக்கொண்டு மீண்டும் மாதக்கணக்கில் இமயமலையில் நடந்தார். பேரப்பிள்ளை பார்க்கும் வயது என்று நம் வீடுகள் சொல்லும் வயது அது.

நம் பக்கத்தில் இந்த நடைக்கான கதவு அவ்வளவு எளிதாகத் திறக்கவில்லை. பொதிகை மலையின் அகத்தியர்கூடத்துக்குக் கேரளம் வழியாக ஏறி இறங்க மூன்று நாட்கள் ஆகும். உச்சிக்குப் பெண்கள் போகத் தடை இருந்தது. 2018 நவம்பரில் கேரள உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 2019 ஜனவரியில் தன்யா சனல் உச்சியை அடைந்தார். அகத்தியர் பிரம்மச்சாரி, பெண்கள் வரக்கூடாது என்று காணிப் பழங்குடியினர் எதிர்த்தார்கள். எதிர்த்து அமர்ந்தவர்களில் காணிப் பெண்களும் இருந்தார்கள். தடை நீங்கியது சரிதான். ஆனாலும் அந்தப் பெண்களை மூடநம்பிக்கை என்ற ஒரு சொல்லால் தள்ளிவிட்டு மேலே ஏற எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் வாழும் மலையைப் பற்றிய முடிவுகள் பெரும்பாலும் அவர்களைக் கேட்காமலே எடுக்கப்பட்டவை.

அதற்கு முந்தைய ஆண்டு, 2018 மார்ச் 11 அன்று, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ. மகளிர் தினத்தையொட்டி நண்பர்களோடு இரண்டு நாள் நடைக்கு வந்திருந்த பெண்கள் கொழுக்குமலையிலிருந்து இறங்கும் வழியில் தீயில் சிக்கினார்கள். 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். துக்கத்தின் ஊடே ஒரு கேள்வியும் காதில் விழுந்தது: "பொம்பளைப் புள்ளைங்களுக்கு மலையில என்ன வேலை?" புல் காய்ந்து கிடக்கும் கோடையில் இந்தப் பாதை ஏன் மூடப்படவில்லை, தீ பற்றிய செய்தி ஏன் அவர்களை எட்டவில்லை என்பவைதான் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். அதே தீயில் ஆண்களும் இறந்தார்கள். அவர்களுக்கு மலையில் என்ன வேலை என்று யாரும் கேட்டதாக நினைவில்லை.

அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழக அரசு 40 பாதைகளை முறைப்படுத்தித் திறந்தது, பழங்குடி இளைஞர்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி அளித்தது. நல்லதுதான். ஆனால் இந்தக் காடுகளில் நாள்தோறும் நடந்தவர்கள் பெண்கள். எந்த ஓடையில் எந்த மாதம் தண்ணீர் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். வழிகாட்டிகளில் எத்தனை பேர் பெண்கள் என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மணமானவர்களுக்குத் தரும் நில உரிமையைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் சேர்த்துப் பதிய வேண்டும் என்கிறது. பெரியண்ணனின் மனைவிக்குக் கதை தராத பெயரை இந்தச் சட்டம் ஒரு தாளில் எழுதச் சொல்கிறது. எத்தனை தாள்களில் அது எழுதப்பட்டிருக்கிறது என்று மலைக்குப் போகும் நாம் விசாரிக்கலாம்.

தோழிகளே, மலைக்குப் போங்கள். யாருக்கும் காரணம் சொல்லாமல் நான்கு நாட்கள் நடப்பது நம் பாட்டிகளுக்குக் கிடைக்காத ஒன்று. வழியில் விறகுக்கட்டோடு வரும் அக்காவுக்கு ஒதுங்கி வழிவிடுங்கள், கொஞ்சம் நின்று பேசுங்கள். அவர் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.