ஒஸ்ரின் கார்களின் நீண்ட ஆயுள்



யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வரும் வெளியூரார் ஒரு காட்சியைக் கண்டு வியப்பதுண்டு. 1950களில் இங்கிலாந்திலே செய்யப்பட்ட ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் இங்கே இன்றும் வீதியில் ஓடுகின்றன. யாழ்ப்பாணத்தார் சிக்கனக்காரர், பழையதைக் கழிக்க மனம் வராதவர் என்று அவர்கள் அதற்குக் காரணம் கூறுவர். அது முழு உண்மையன்று. சிக்கனத்தைவிடப் பெரிய காரணம் இல்லாமை. அதனினும் பெரியது, அந்த இல்லாமையை எதிர்கொண்ட கைத்திறன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பிரித்தானியக் கார்கள் இலங்கைக்குப் பெருமளவில் வந்தன. மொறிஸ் மைனர் 1948இல் அறிமுகமாயிற்று. ஒஸ்ரின் ஏ40 வரிசையில் சோமசெற் 1952இலும் கேம்பிறிட்ஜ் 1954இலும் வெளிவந்தன. உத்தியோகத்தரும் வைத்தியரும் வணிகரும் அவற்றை வாங்கினர். 1960களின் தொடக்கத்தில் நாட்டின் அந்நியச் செலாவணி அருகியது. கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. புதிய உதிரிப்பாகமும் அரிதாயிற்று. அன்று முதல் ஒரு கார் மற்றொரு காரின் உறுப்பைக் கொண்டு உயிர்வாழும் நிலை உண்டாயிற்று. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின் யப்பானிய வாகனங்கள் வந்தன. ஆயினும் முதியவையான ஏ40 கார்கள் வாடகைக்கார்களாகித் தம் உழைப்பைத் தொடர்ந்தன.

பழைய உறுப்பைத் தேடுவது தனியொரு கல்வி. ஒஸ்ரின், மொறிஸ் ஆகிய இரு கம்பனிகளும் 1952இல் ஒன்றிணைந்தன. அதன் பயனாக வெவ்வேறு பெயர் கொண்ட கார்கள் ஒரே குடும்பத்து இயந்திரத்தைப் பெற்றன. நம் மெக்கானிக்குகள் இந்த உறவுமுறையை மனப்பாடமாக அறிந்திருந்தனர். வார்ப்பிரும்பைச் சிறு சுத்தியலால் தட்டி, ஓசை கணீரென்று வந்தால் ஏற்பர். மந்தமாக வந்தால் வெடிப்புண்டு என்று விலக்குவர். கியர்ச் சக்கரம், அச்சு, கதவு முதலியவற்றைப் பழையதாக வாங்கலாம்; பிரேக்கின் ரப்பரைப் பழையதாக வாங்கலாகாது என்பது அவர்கள் விதி. மலிவு எங்கே இலாபம், எங்கே ஆபத்து என்பதை அறிவதே அக்கல்வியின் சாரம்.

இக்கல்விக்குப் பெருஞ்சோதனை 1990இல் வந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டது. தெற்குடனான தரைவழி அடைபட்டது. பெற்றோல், பற்றரி, வாகன உதிரிப்பாகம் யாவும் குடாநாட்டுக்குள் வருவது தடைப்பட்டது. மக்கள் சைக்கிளை நம்பினர். கார்களோ மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் காத்து வைத்த சில துளி பெற்றோலால் இயந்திரத்தைத் தொடக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். பழைய ஒஸ்ரினின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7க்கு 1 என்ற தாழ்ந்த அளவினது. அதனால் அது தரங்குறைந்த எரிபொருளையும் பொறுத்துக்கொண்டது. ஆனால் புகை மண்டும், கரி படியும், உறுப்புகள் விரைவில் தேயும். தேவை பெருகிய வேளையில் மாற்றுறுப்போ இல்லை.

எனது பெரியையாவிடம் ஓர் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் வாடகைக்கார் இருந்தது. 1993ஆம் ஆண்டு கார்த்திகை மழையில் ஓரிரவு, அயல்வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ வேதனை. பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும், கார் தொடங்கவில்லை. நான்கு பிளக்குகளுக்கும் மின்னைப் பங்கிடும் மூடியில் மயிரிழை வெடிப்பு. ஈரத்தில் மின் கசிந்தது. இரண்டு வளவுகளுக்கு அப்பால் ஓர் ஆச்சி வீட்டில், காலஞ்சென்ற அவரது கணவரின் மொறிஸ் மைனர் பலா மரத்தின் கீழ் நின்றது. இரண்டு கார்களுக்கும் மின்னுறுப்புகளைச் செய்தது லூக்காஸ் தொழிற்சாலையே என்பதைப் பெரியையா அறிவார். லாந்தர் விளக்கை நான் பிடித்தேன். அவர் போய்க் கேட்டார். ஆச்சி அதுவரை அந்தக் காரின் ஓர் ஆணியையும் எவருக்கும் விற்றதில்லை. "விக்கிறதுக்கில்லைத் தம்பி. உயிர்க்காரியம், கழட்டிக்கொண்டு போ. பிறகு திருப்பித் தா" என்றார். மூடி பொருந்தியது. தாயும் சேயும் பிழைத்தனர்.

மறுவாரம் அதைத் திருப்பிக் கொடுக்கச் சென்றபோது, வேறொன்று கிடைக்கும்வரை வைத்திருக்கும்படி ஆச்சி கூறிவிட்டார். வேறொன்று கிடைக்கவில்லை. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தது. 1996இல் ஊர் திரும்பியபோது பலா மரம் நின்றது; காரும் இல்லை, ஆச்சியும் இல்லை. 2002இல் ஏ9 வீதி திறந்தபின் பெரியையா கொழும்புக்குச் சென்று, பஞ்சிகாவத்தைப் பழைய உதிரிப்பாகக் கடைகளில் தேடி அத்தகைய மூடி ஒன்றை வாங்கி வந்தார். கொடுக்கத்தான் ஆள் இல்லை. அது எங்கள் வீட்டு அலுமாரியில் இன்னும் இருக்கிறது.

இல்லாமையை நான் போற்றவில்லை. ஒரு சிறு மூடிக்காக ஓர் உயிர் காத்திருக்க நேர்ந்த காலம் மீண்டும் வரலாகாது. ஆயினும் இல்லாமை நம்மை விட்டு முற்றாக நீங்கியதென்று கூறவும் முடியாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறந்தது. அந்த இடைக்காலத்திலும் பழைய உறுப்பைத் தேடியோர் பலர்.

ஆகவே நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். எந்த உறுப்பு எதற்குப் பொருந்தும், எது பொருந்தாது என்ற அறிவு முதிய மெக்கானிக்குகளின் நினைவிலே மாத்திரம் இருக்கிறது. உங்கள் ஊரில் அத்தகையவர் ஒருவர் இருப்பின், ஒரு மாலைப்பொழுது ஒரு கொப்பியுடன் அவரருகில் அமருங்கள். கார் மறைந்தாலும் அந்த அறிவு மறையலாகாது.