பிரவுன்ஷ்வைக் முதல் ஷிசுவோகா வரை

ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் மியாக் என்றொரு நிறுவனம் இருந்தது. மாவு ஆலைகளுக்கு இயந்திரம் செய்வது அதன் பழைய தொழில். 1944 ஜனவரியில் அங்கிருந்து ஒரு புதிய போர் வண்டி வெளிவரத் தொடங்கியது. எதிரியின் டாங்கிகளைத் தூரத்திலிருந்தே உடைப்பதற்கென்று செய்யப்பட்ட யாக்ட்பாந்தர் அது. போர் முடிவதற்குள் அங்கும் வேறு இரண்டு ஆலைகளிலுமாகச் சேர்த்து ஏறக்குறைய 415 வண்டிகள்தான் தயாராயின. அதன் 35இல் ஒரு பங்கு மாதிரியோ அரை நூற்றாண்டைத் தாண்டி உலகெங்கும் கடைகளில் விற்றுக்கொண்டிருக்கிறது.

வண்டியின் அமைப்பு எளிமையானது. பாந்தர் டாங்கியின் சுழலும் கோபுரத்தை எடுத்துவிட்டு, அடிப்பகுதியின் பக்கங்களை அப்படியே சாய்வாக மேலே உயர்த்திக் கூரை போட்டார்கள். முன்பக்கத்தில் 80 மில்லிமீட்டர் கனமுள்ள சாய்ந்த இரும்புத் தகடு. அதைத் துளைத்துக்கொண்டு ஆறு மீட்டருக்கும் மேல் நீண்ட 88 மில்லிமீட்டர் பீரங்கி. உள்ளே ஐந்து பேர். கோபுரம் இல்லாததால் செலவு குறைந்தது, உயரமும் குறைந்தது, பெரிய பீரங்கிக்கு இடமும் கிடைத்தது. ஆனால் பீரங்கி இருபுறமும் பத்துப் பன்னிரண்டு டிகிரிக்கு மேல் திரும்பாது. எதிரி பக்கவாட்டில் வந்தால் 46 டன் வண்டியையே திருப்பியாக வேண்டும். பாந்தரிடமிருந்து வந்த, சங்கிலிப் பட்டைகளை ஓட்டும் பலவீனமான இறுதிப் பற்சக்கரங்கள் அந்தத் திருப்பலில்தான் அடிக்கடி நொறுங்கின.

1944 ஜூலை 30 அன்று நார்மண்டியில் லே லோஜ் கிராமத்துக்கு அருகே 226ஆம் குன்றில், ஜெர்மனியின் 654ஆவது டாங்கி எதிர்ப்புப் பிரிவைச் சேர்ந்த மூன்று யாக்ட்பாந்தர்கள் பின்புறமாக வந்து பிரிட்டனின் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படையின் 11 சர்ச்சில் டாங்கிகளைச் சில நிமிடங்களில் அழித்தன. மாதிரி வண்டி சேகரிப்பவர்கள் மறுபடி மறுபடி சொல்லும் கதை இது. அந்த மூன்றில் இரண்டு வண்டிகள் சற்றுத் தொலைவிலேயே பழுதாகிக் கைவிடப்பட்டன என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும்.

போருக்குப் பின் பெரும்பாலானவை பழைய இரும்பாகப் போயின. மூன்று ஆலைகளில் ஒன்றான ஹானோவர் ஆலையில் கிடந்த பாகங்களைக் கொண்டு பிரிட்டிஷ் ராணுவமே சில வண்டிகளைப் பூட்டி முடித்துப் பரிசோதனைக்கு எடுத்துச் சென்றது. போரில் பிடிபட்ட வண்டிகளில் ஒன்று லண்டனின் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்துக்குப் போனது. உள்ளே ஆட்கள் எப்படி நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள் என்று தெரியும்படி அதன் பக்கவாட்டை வெட்டித் திறந்துவைத்தார்கள். இன்னொன்று அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் அபர்டீன் ராணுவ மைதானத்தில் வெயிலிலும் மழையிலும் நின்றது.

இனி கதை ஜப்பானுக்கு நகர்கிறது. ஷிசுவோகா நகரில் 1946இல் மரம் அறுக்கும் தொழிலாகத் தொடங்கிய நிறுவனம் டாமியா. 1951இல் நேர்ந்த தீ விபத்துக்குப் பிறகு மரத்தில் கப்பல், விமான மாதிரிகள் செய்யும் பக்கம் திரும்பினார்கள். பிளாஸ்டிக் வந்தபோது அதற்கு மாறினார்கள். 1960இல் வெளியிட்ட முதல் பிளாஸ்டிக் மாதிரியான யமாட்டோ போர்க்கப்பல் நஷ்டம். போட்டி நிறுவனம் அதே கப்பலை மலிவாகக் கொடுத்துவிட்டது. நிறுவனரின் மகன் ஷுன்சாகு டாமியா அடுத்து எடுத்தது பாந்தர் டாங்கி. பெட்டிக்கு ஓவியம் வரைந்து தரும்படி அப்போது புகழின் உச்சியில் இருந்த ஷிகேரு கொமாட்சுசாகியைக் கடிதம் எழுதிக் கேட்டார்; அவரும் வரைந்து கொடுத்தார். 1961இல் வந்த அந்த பாந்தர் நிறுவனத்தையே தூக்கி நிறுத்தியது.

அந்த பாந்தர் மோட்டாரில் ஓடும் பொம்மை. உள்ளே இரண்டு பேட்டரிகள் அடங்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அடுத்தடுத்த டாங்கிகளையும் அதே அளவில் செய்யலாம் என்று தோன்றியபோது ஷுன்சாகு தன் பாந்தரை அளந்து பார்த்தார். அசலில் ஏறக்குறைய 35இல் ஒரு பங்கு வந்தது. இன்று ஹாங்காங்கின் டிராகன் முதல் சீனத்தின் மெங் வரை ராணுவ வண்டி மாதிரி செய்யும் நிறுவனங்கள் பலவும் பின்பற்றும் அளவு அன்று இரண்டு பேட்டரிகளால் முடிவானது. பாந்தரின் அடிப்பகுதிமேல் எழுந்த யாக்ட்பாந்தருக்கு இந்த அளவு இயல்பாகவே பொருந்தியது. டாமியா அதையும் கொண்டுவந்தது. ஜப்பானில் அதற்குக் கொடுத்த பெயர் ரோமல். ஜெர்மன் தளபதி ரோமல் புகழ்பெற்ற ஆப்பிரிக்கப் பாலைவனப் போர் 1943 மே மாதமே முடிந்துவிட்டது. இந்த வண்டியின் உற்பத்தி தொடங்கியதோ அடுத்த ஆண்டில். இருந்தும் சிறுவர்கள் நெஞ்சில் அது ரோமலின் வண்டியாகவே தங்கியது.

பொம்மையாக இருந்ததை ஆவணமாக மாற்றியது ஷுன்சாகுவின் பிடிவாதம் என்பேன். 1960களில் அவர் அபர்டீனுக்கே போய், திறந்தவெளியில் நின்ற டாங்கிகளை அளந்தார், படமெடுத்தார். அங்கே எடுத்த குறிப்புகள் ஷிசுவோகாவில் எஃகு அச்சுகளாயின. உருக்கிய பாலிஸ்டைரீனை மிகுந்த அழுத்தத்தில் அச்சுக்குள் செலுத்திக் குளிரவைத்தால், சட்டத்தில் ஒட்டிய உறுப்புகளாக வண்டி வெளியே வருகிறது. வெட்டி எடுத்து, பிசிறு தேய்த்து, பிளாஸ்டிக்கையே லேசாக உருக்கிச் சேர்க்கும் பசையால் ஒட்டி, வண்ணம் அடிப்பது வாங்கியவர் வேலை.

முடித்த மாதிரியைக் கையில் எடுத்துப் பாருங்கள். பீரங்கி முனை வரை ஏறக்குறைய 28 சென்டிமீட்டர். உயரம் எட்டு சென்டிமீட்டர்கூட இல்லை. 88 மில்லிமீட்டர் பீரங்கியின் வாய் இங்கே இரண்டரை மில்லிமீட்டர். ஒரு குண்டூசித் தலை உள்ளே போகும். அசலை இதே விகிதத்தில் இரும்பிலேயே சுருக்கினால் ஒரு கிலோவுக்குச் சற்று மேல் எடை இருக்கும். பிளாஸ்டிக் வண்டி அதைவிட மிக லேசு. அந்தக் கனத்தை வண்ணத்தால்தான் கொண்டுவர வேண்டும். அதனால்தான் தேர்ந்தவர்கள் கவசத் தகடுகளின் விளிம்பில் தேய்மானத்தையும், புகைபோக்கியில் துருவையும், சங்கிலிப் பட்டைகளில் காய்ந்த சேற்றையும் வாரக்கணக்கில் தீட்டுகிறார்கள்.

சேகரிப்பவர் பேச்சில் அடிக்கடி வரும் சொற்கள் முற்காலப் பதிப்பு, பிற்காலப் பதிப்பு. 1944 செப்டம்பர் வரை ஆலையிலிருந்து வந்த வண்டிகளின் மேல் சிம்மெரிட் என்ற பசையை வரிவரியாகப் பூசியிருந்தார்கள், காந்தக் கண்ணிவெடி ஒட்டாதிருக்க. அதன் பிறகு வந்தவற்றில் அது இல்லை. பீரங்கிக் குழாய் முதலில் ஒரே துண்டு, பின்னர் இரு துண்டு. குழாயைச் சுற்றிய கழுத்துப்பட்டை முதலில் உட்புறமாக முடுக்கியது, பின்னர் வெளிப்புறத்தில் பெரிய போல்ட்டுகளால் முடுக்கியது. டாமியா 1997இல் புதிதாக அச்சு வார்த்து வெளியிட்டது பிற்கால வண்டியை. அதற்கு சிம்மெரிட் பூசினால் விஷயம் தெரிந்தவர் பார்த்தவுடன் தவறைக் கண்டுபிடித்துவிடுவார்.

இத்தனை நுணுக்கம் பார்க்கும் இந்த உலகம் ஒன்றை மட்டும் எளிதாகக் கடந்துபோகிறது என்பது என் வருத்தம். போர்க்கால ஜெர்மனியின் மற்ற ஆயுத ஆலைகளில் போலவே மியாக்கிலும், ஆக்கிரமித்த நாடுகளிலிருந்து கட்டாயமாகக் கொண்டுவரப்பட்டவர்கள் உழைத்தார்கள். குண்டுவீச்சில் ஆலை இடிந்தபோது அவர்களும் அங்கேதான் இருந்தார்கள். இந்த வண்டி எந்த அரசுக்காக ஓடியதோ அந்த அரசின் ஸ்வஸ்திகாவைப் பொதுவில் காட்டுவதை இன்றைய ஜெர்மனி சட்டத்தால் தடுத்திருக்கிறது. அங்கே விற்கும் மாதிரிப் பெட்டிகளில் அந்தச் சின்னம் மறைக்கப்படுகிறது. சின்னத்தை மறைப்பது சட்டத்தின் வேலை. வரலாற்றை மறைக்காமல் வைத்திருப்பது சேகரிப்பவரின் வேலை. போல்ட்டின் எண்ணிக்கையில் காட்டும் நேர்மை இதிலும் வேண்டும்.

பழைய மாதிரி வண்டிகள் கைமாறும்போது பெட்டியும் தாளும் தொலைந்து, என்ன வண்டி, எந்தப் பதிப்பு என்றே தெரியாமல் வருவது வழக்கமாகிவிட்டது. ஆகவே ஒரு வேண்டுகோள். வழிமுறைத் தாளை எறிந்துவிடாதீர்கள். வண்டியை நிறுத்தும் பலகையின் அடியில் நாலு வரி எழுதிவையுங்கள்: எந்த ஆலையில் செய்த பதிப்பு, யார் உழைப்பில் செய்தது, எந்தப் பிரிவின் எண்ணை ஒட்டியிருக்கிறீர்கள், அந்தப் பிரிவு எங்கே யாரைச் சுட்டது. அடுத்து வாங்குபவர் வண்டியோடு அதையும் சேர்த்தே பெற்றுக்கொள்ளட்டும்.