வீதியும் மண்டபமும்

யாழ்ப்பாணத்து உரைநடை வரலாற்றை ஆராய்வோர் அச்சகங்களையே பெரிதும் நோக்குவர். வீதியில் எழுந்த பேச்சும் நோக்கத்தக்கதாகும்.

1816ஆம் ஆண்டு இங்கு பணி தொடங்கிய அமெரிக்க மிஷனரிமார், மக்கள் தம்மை நாடிவரும்வரை காத்திருக்கவில்லை. சந்தைகளிலும் தெருக்களிலும் நின்று முன்பின் அறியாதோருக்குப் போதித்தனர், துண்டுப்பிரசுரங்களை வழங்கினர். 1820இல் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி ஆரம்பித்த ஜோன் ஸ்கடர், நோயாளருக்கு மருந்தோடு செபத்தையும் போதனையையும் அளித்தார். மதம் மாறியோர் தொகை அவர்கள் விரும்பிய அளவிற்குப் பெருகவில்லை. ஆயின், அவர்களது முறை வேறோரிடத்தில் வேரூன்றியது.

பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுகநாவலர், 1847 டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே தமது முதற் சைவப்பிரசங்கத்தை நிகழ்த்தினார். வெள்ளிக்கிழமைதோறும் அது தொடர்ந்தது. புராணபடனம் கேட்டுப் பழகிய மக்கள், தம் சமயத்தை எளிய உரைநடையிற் கேட்டனர். எதிராளியின் கருவியே தற்காப்புக்கும் கருவியாயிற்று.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. மிஷன் பாடசாலைகளிற் சாதிப்பாகுபாடு முற்றாக அகன்றதில்லை. ஆனால், வீதிப் பேச்சை எவரும் நின்று கேட்கலாம். கோயில் மண்டபமோ யாவர்க்கும் திறந்திருக்கவில்லை. 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழவேண்டியிருந்தமை இதற்குச் சான்று. நாவலர் பிரசங்கத்தைப் பெற்றுக்கொண்டார். வீதியின் அகலத்தைப் பெற்றுக்கொள்ளவில்லை. அவர் தந்த உரைநடையைப் போற்றும் நாம், அதனைக் கேட்க இடமின்றி வெளியே நின்றோரையும் நினைவிற் கொள்ளுதல் கடனாகும்.